கேமரா படம் அடிக்கடி உறைகிறதா?

வீட்டுக் காவல் கேமராவின் படம் உறைவதற்கும் துண்டு துண்டாக வருவதற்கும் பல நேரங்களில் கேமரா காரணமல்ல. வைஃபை அலைகளின் நெரிசலே காரணம்.

1. கேமராவை ரவுட்டர் இருக்கும் அறைக்கே கொண்டுவந்து பாருங்கள். அங்கே படம் சீராக ஓடினால் சிக்கல் இடையில் உள்ள சுவர்களிலோ தூரத்திலோ இருக்கிறது. அங்கும் திணறினால் அடாப்டரையும் இணைய இணைப்பையும் சோதியுங்கள்.

2. படம் எந்த நேரத்தில் நிற்கிறது என்று குறித்துவையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் என்றால் குற்றவாளி அதுதான்: வைஃபை புழங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே அதுவும் இயங்குகிறது.

3. ரவுட்டர் அமைப்பில் சேனலை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து 1, 6, 11 ஆகியவற்றில் கூட்டம் குறைந்த ஒன்றில் வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். இந்த மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படியாதவை. அக்கம்பக்கத்து வைஃபை எந்தச் சேனலில் ஓடுகிறது என்பதை வைஃபை அனலைசர் செயலி காட்டிவிடும். 3, 4 காலியாகத் தெரிகிறதே என்று ஆசைப்பட வேண்டாம். இரு பக்கத்து இரைச்சலும் அங்கே வந்து சேரும்.

4. ரவுட்டரை பீரோ, ஃப்ரிட்ஜ், மீன்தொட்டி அருகிலிருந்து விலக்கி உயரத்தில் வையுங்கள். உலோகம் அலையைத் திருப்பிவிடும், தண்ணீர் விழுங்கிவிடும்.

5. மொபைலையும் டிவியையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். வீட்டுக் கேமராக்கள் பல 2.4-ஐ மட்டுமே ஏற்பவை; அவற்றுக்கு இடம் கிடைக்கும்.

6. எதற்கும் மசியாத கேமராவில் லேன் போர்ட் இருந்தால் கேபிள் இழுத்துவிடுங்கள். அலை நெரிசல் கேபிளைத் தொடாது. சுவரில் துளையிடும் வேலைதான் மிச்சம்.