ஆயிரம் படி இறங்கினால் ஆகாய கங்கை!

மலைக் கோயில் என்றதும் நம் எல்லோர் மனசிலும் ஓடும் கணக்கு ஒன்றுதான். மூச்சு வாங்க ஏறுவோம்; மேலே சுவாமியைக் கண்குளிரத் தரிசிப்போம்; பிறகு ஊர்க்கதை பேசிக்கொண்டே இறங்கிவிடுவோம். பழனியின் 693 படிகளானாலும் சரி, சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகளானாலும் சரி, சிரமம் முதலில், சுகம் பிறகு. நடுவழியில் முடியவில்லை என்றால் திரும்பிவிடலாம். இறங்குகிற வழி எப்போதும் நமக்குக் கை கொடுக்கும்.

இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிற ஒரு தலம் உண்டு. நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் கொல்லிமலை!

இங்கே கோயிலுக்கு ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, சோளக்காடு, செம்மேடு வழியாக, பஸ்ஸோ வேனோ பெரியகோவிலூரில் அறப்பளீஸ்வரர் ஆலயத்துக்கு அருகிலேயே உங்களை இறக்கிவிட்டுவிடும். தரிசனம் முடிந்த பிறகுதான் நடையே தொடங்குகிறது. கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கீழே, கீழே, இன்னும் கீழே போகின்றன. அங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு அருவியாக விழுகிறது. அதுதான் ஆகாய கங்கை. இறங்கும்போது குளுகுளுவென்று சுகம். குளித்துக் களைத்து, உடம்பு 'போதும்' என்று சொல்லும் நேரத்தில்தான் ஆயிரம் படி ஏற்றம் உங்களுக்காகக் காத்திருக்கும்!

இந்தத் தலைகீழ்க் கணக்கு தெரியாமல் நான் பட்ட பாட்டை அப்புறம் சொல்கிறேன். முதலில் மலையின் பெருமையைப் பார்த்துவிடலாம்.

கல்லூரியில் தமிழ் படித்தவர்களுக்குக் கொல்லிமலை என்றால் உடனே நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஓர் அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஒரே பாட்டில் ஐந்து உயிர்கள் போகின்றனவே என்று வகுப்பில் நாங்கள் சிரித்ததுண்டு. மலைக்குப் போய் அந்தக் காட்டைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. செம்மேட்டில் ஓரியின் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி அவனுக்கு அரசு விழாவும் நடக்கிறது.

அதேபோல் கொல்லிப்பாவை. சிரித்து மயக்கியே உயிரைப் பறிக்கும் பாவை என்று அச்சத்தோடு பேசப்படும் அவளை, எட்டுக்கை அம்மனாக இன்று மலை மக்கள் கும்பிடுகிறார்கள். கதையில் பயமுறுத்தியவள் இங்கே தாயாகிவிட்டாள்!

அறப்பளீஸ்வரர் கோயில், தேவார வைப்புத் தலம். அம்பிகைக்கு அறம்வளர்த்த நாயகி என்று திருநாமம். அம்பலவாணக் கவிராயர் இந்த ஈசன் மீது பாடியதுதான் 'அறப்பளீசுர சதகம்'. அதில் கொல்லிமலையைச் 'சதுரகிரி' என்றே அவர் குறிப்பிடுகிறார். வத்திராயிருப்புக்கு அருகில் உள்ள சதுரகிரி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கோயில் அருகே ஓடும் ஐயாற்று மீன்களைப் பற்றி ஒரு கதை உண்டு. யாரோ ஒருவர் இந்த ஆற்று மீனைப் பிடித்து, அறுத்துச் சமைக்க முற்பட்டாராம். துண்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தி, மீன் உயிர் பெற்றுத் துள்ளி ஆற்றில் குதித்துவிட்டதாம். அன்றிலிருந்து இங்குள்ள மீன்களை இறைவனின் வடிவமாகவே பாவிக்கிறார்கள். பக்தர்கள் மீன்களுக்கு உணவிட்டு வணங்குவதை இன்றும் பார்க்கலாம். இந்த ஐயாறுதான் சற்றுத் தள்ளிப் போய், அருவியாக விழுகிறது என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் அம்மாவை அழைத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போனேன். அம்மாவுக்கு அப்போது 58 வயது. சுவாமியைப் பார்க்கும் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அன்றும் அப்படித்தான். தரிசனம் முடிந்ததும் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் காபி. பதினொன்றரை மணி வாக்கில் இறங்க ஆரம்பித்தோம். இரண்டு பக்கமும் மரம். வெயிலே தெரியவில்லை. தூரத்தில் அருவியின் சத்தம். பாதிக்கு மேல் இறங்கியதும் அம்மா ஒரு படியில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குப் போதும்டி. சத்தம் கேட்குது பாரு, அதுவே தரிசனம் மாதிரிதான். நீ போயிட்டு வா" என்றாள்.

நான் விடவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டுத் தீர்த்தத்தைத் தொடாமப் போறதா? நல்லா இருக்கும்மா உன் பக்தி!" என்று சொல்லி, கையைப் பிடித்து எழுப்பினேன். அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அருவி அற்புதம்தான். சாரலிலேயே நனைந்துவிட்டோம். அம்மாவும் குழந்தை மாதிரி சிரித்தாள். ஆனால், ஏற ஆரம்பித்து நூறு படிகூட ஆகவில்லை, அவள் முகம் வெளுத்துவிட்டது. கால்கள் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. பிரஷர் மாத்திரை வேனில் இருந்த பையில். கையில் இருந்த தண்ணீரோ பாதி பாட்டில். தூக்கிக்கொண்டு போக டோலி கிடையாது. பின்னால் திரும்பினால் அருவிதான். 'மேலே' என்ற ஒரே வழியைத் தவிர வேறு வழி இல்லாத அந்த நிமிஷத்தில், எனக்கு அறப்பளீஸ்வரர் ஞாபகம்கூட வரவில்லை. பயம் மட்டும்தான்.

படியோரம் கொய்யாப் பழம் விற்றுக்கொண்டிருந்த மலைக்காரப் பெண்மணி ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். அம்மாவை உட்காரவைத்து, எலுமிச்சம்பழத்தை உப்புப் போட்டுப் பிழிந்து கொடுத்தார். "இருபது படிக்கு ஒருக்கா உட்காருங்கக்கா. உட்கார்ந்தா பேசக் கூடாது. மேல பாக்காதீங்க, அடுத்த படியை மட்டும் பாருங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "ஏன் கண்ணு, இறங்கறப்பவே ஏர்றதுக்கு மிச்சம் வெச்சுக்க வேணாமா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்ல? மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. மேலே வந்து சேர்ந்தபோது நன்றாக மாலையாகிவிட்டது. அம்மா நலமாக வந்துவிட்டாள். ஒரு வாரம் காலை மடக்க முடியாமல் அவஸ்தைப்பட்டாள், அவ்வளவுதான். அதற்கு மேல் ஆகியிருந்தால் என்ற எண்ணம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

'இறங்கும்போதே மிச்சம் வைத்துக்கொள்.' அருவி நடைக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. இறங்குவது சுலபம் என்று மூச்சுதான் நம்மை ஏமாற்றுகிறது. உண்மையில் ஒவ்வொரு படியிலும் உடம்பின் மொத்த எடையையும் பிரேக் போட்டு நிறுத்துவது தொடையின் முன்பக்கத் தசைதான். மூச்சு வாங்காததால் அது களைத்துப் போவது நமக்குத் தெரிவதில்லை. அடியில் போய் நின்றதும் கால் தானாக நடுங்கும். அந்தக் காலோடுதான் ஏற வேண்டும். ஆகவே, இறங்க ஒரு மணி நேரம் ஆனால் ஏற இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் கூட இருந்தால் மூன்று. மதியத்துக்குப் பிறகு இறங்க நினைக்கவே வேண்டாம்.

போவதற்கு மூன்று வாரம் முன்பே உங்கள் வீட்டுப் படியிலேயே பழகலாம். ஒரு மாடிக்கு இருபது படி என்றால் ஆயிரம் படி என்பது ஐம்பது மாடி. பயந்துவிடாதீர்கள், ஒரே நாளில் அல்ல. மாவு அரைக்கப் போட்டுவிட்டு நாலு மாடி, துணி உலர்த்தப் போகும்போது நாலு மாடி என்று ஆரம்பித்து, நாளுக்கு இரண்டு மாடியாகக் கூட்டிக்கொண்டே போங்கள். முழங்கால் வலி, நெஞ்சு படபடப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பயிற்சியைக்கூடத் தொடங்க வேண்டாம்.

விரத விஷயம். வெறும் வயிற்றோடு தரிசனம் என்பது உங்கள் நியமம் என்றால், அதிகாலையிலேயே மலைக்கு வந்து முதலில் சுவாமியைப் பார்த்துவிடுங்கள். பிறகு இரண்டு இட்லியாவது சாப்பிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் படியில் கால் வைக்க வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் பட்டினியோடு இறங்குவது ஆபத்து. அதைச் சுவாமியும் கேட்கவில்லை. புளியோதரை, தயிர்சாத மூட்டையை மேலேயே வைத்துவிடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற முடியாது. கூடவே போக வேண்டியவை: ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர், கடலை மிட்டாய், அவரவர் மாத்திரை. பிளாஸ்டிக் கவரைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கும். தோளில் மாட்டும் பை நல்லது. நனைந்த புடவை காலைச் சுற்றித் தடுக்கும் என்பதால் இறங்கும்போது சுடிதார் உத்தமம். பாத்ரூம் செருப்பு வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அருவியின் குணம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே எங்கோ மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீரென்று வெள்ளம் வந்து, 17 வயதுப் பையன் ஒருவன் உயிர் போனது. தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ, ஒரு நிமிஷம்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மழைக்காலத்தில் வனத் துறையினர் 'இன்று அனுமதி இல்லை' என்றால் கெஞ்சாதீர்கள். காட்டுக்குள் வேறு குறுக்குப் பாதை காட்டுகிறேன் என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். அவர்களில் பெண்கள் பலர். அதன் பிறகு மலையேற்றத்துக்கென்றே தமிழக அரசு விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024-ல் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டிகளோடு, முன்பதிவு செய்து போகும் திட்டத்தையும் தொடங்கியது. காட்டு நடையில் ஆசை வந்துவிட்டவர்களுக்கு அதுவே சரியான வழி.

முன்பு ஐயாற்று மீன்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? கோயிலருகே அவற்றுக்கு உணவிட்டு வணங்கிவிட்டு, அதே ஆற்றின் அருவியில் ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்துப் போடுகிறோம். இந்தத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கித் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்கு ஓடுகிறது. அங்கே குழந்தைகள் குளிக்கிறார்கள். தீர்த்தத்தில் சோப்பு, எண்ணெய், பழந்துணி எதுவும் வேண்டாமே.

ஆயிரம் படி இப்போதைக்கு வேண்டாம் என்பவர்களுக்கு, கொல்லிமலையிலேயே மாசிலா அருவி இருக்கிறது. படிகள் மிகக் குறைவு. மதுரைப் பக்கம் இருப்பவர்கள் அழகர்கோவிலில் பெருமாளைச் சேவித்துவிட்டு, பழமுதிர்சோலை வழியாக நூபுர கங்கைக்கு நடக்கலாம். அழகரின் திருமஞ்சனத்துக்கே உகந்த தீர்த்தம். ராக்காயி அம்மன் காவல் இருக்கிறாள். முடியாவிட்டால் திரும்பி வர வண்டியும் உண்டு. முதல் நடைக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

போன தை மாதம் மறுபடியும் கொல்லிமலைக்குப் போனோம். இந்த முறை அம்மா கோயிலிலேயே இருந்துகொண்டாள். நான் மட்டும் காலை எட்டு மணிக்கெல்லாம் தோழி ஒருத்தியோடு இறங்கினேன். வீட்டிலிருந்து கொண்டுபோன சின்னப் பித்தளைச் சொம்பில் ஆகாய கங்கையைப் பிடித்துக்கொண்டு, இருபது படிக்கு ஒரு முறை உட்கார்ந்து, பேசாமல் ஏறி வந்தேன். அம்மா அறம்வளர்த்த நாயகி சந்நிதிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சொம்பை வாங்கி, தலையில் தெளித்துக்கொண்டு, மிச்சத்தை எனக்கும் தோழிக்கும் தெளித்தாள்.

"நூற்றெட்டுப் பிரதட்சிணம் முடிச்சுட்டேன்டி. நீ எத்தனை படி ஏறினே?" என்று கேட்டாள். நான் எண்ணவில்லை.