விசையும் வரிசையும்

சிவகாசிக்கு அணித்தே, அருச்சுனா நதியின் குறுக்கே அமைந்த நீர்த்தேக்கத்தால் பெயர் பெற்று விளங்கும் சிற்றூர் ஆனைக்குட்டம். வானம் பார்த்த கரிசல் நிலமும், வெடி செய்யும் தொழிற்கூடங்களும் நிறைந்த வட்டாரம் அது. அங்குள்ளார்க்குச் சரவெடி பின்னுதல் கைவந்த தொழில். சிறு வெடிகள் பலவற்றின் திரிகளை நீண்டதொரு திரியோடு முறையாகச் சேர்த்துப் பின்னுவர். தலைப்பில் தீ வைத்தால் முதல் வெடி முதலிலும், அடுத்தது அடுத்தும் வெடித்துக்கொண்டே செல்லும். பின்னல் முறை பிறழ்ந்தால் சரம் இடையில் நின்றுவிடும். நின்றதென்று எண்ணி அருகிற் செல்வார்க்கு இடரும் நேரும். ஆதலின், வரிசையே அத்தொழிலின் உயிர்நாடி எனலாம்.

எழுத்துத் தொழிலுக்கும் இவ்வுண்மை பொருந்தும். கணினியின் முன் அமர்ந்து, விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்துகின்றோம். திரையில் ஓர் எழுத்துத் தோன்றுகின்றது. அவ்விசையிலிருந்து அவ்வெழுத்தே நேராகத் திரைக்குச் சென்றது போலும் என்று நாம் கருதுகின்றோம். உண்மை அதுவன்று. விசைகளிலிருந்து செல்வன எண்களே. அவை சரவெடியைப் போல ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. எந்த எண்ணுக்குப் பின் எந்த எண் வந்தது என்பதை நோக்கியே பொறி அவற்றிற்குப் பொருள் கொள்கின்றது. இவ்வரிசையின் இயல்பினை இப்பாடத்தில் காண்போம்.

முதற்கண், ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றேன். ஆனைக்குட்டத்திலிருந்து பயில வந்த என் மாணவி ஒருத்தியின் பெயர் ஔகாரத்தில் தொடங்குவது. தந்தையும் தாயும் வெடித் தொழிலாளர். கல்வி உதவித்தொகைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். பட்டியல் கணினியில் வெளிவந்தது. பள்ளிக் கணினியில் தன் பெயரைப் பிழையின்றித் தட்டித் தேடினாள். ‘அப்பெயர் இல்லை’ என்று விடை வந்தது. மும்முறை முயன்றாள், மும்முறையும் அதே விடை. சான்றிதழ்களை ஒப்படைக்க அன்று மாலையே இறுதி வேளை. அவள் கண்கள் கலங்கின. பின்பு பட்டியல் முழுவதையும் நான் வரிவரியாகக் கண்ணால் படித்துச் சென்றபோது, நான்காம் பக்கத்தில் அவள் பெயர் இருக்கக் கண்டேன். கண்ணுக்குத் தெரிந்த பெயர் கணினிக்குத் தெரியாமற் போனது ஏன்? விடையைப் பின்னர்க் கூறுவேன்.

தமிழ் எழுத்துக்கள் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 என்பதை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்க நாட்டுச் சோல்சு என்பார் முயற்சியால் உருவாகி, 1874-ஆம் ஆண்டு ரெமிங்டன் நிறுவனத்தாரால் விற்பனைக்கு வந்த தட்டச்சுப் பொறி, ஆங்கிலத்தின் 26 எழுத்துக்களுக்கென அமைந்தது. அத்தகைய பொறியில் 247 எழுத்துக்களை அடக்குவது எங்ஙனம்? இவ்வரும்பணியை மேற்கொண்டு வென்றவர் ஆர். முத்தையா ஆவார். அவர் 1886-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். இளமையிலேயே மலேயா, சிங்கப்பூர்ப் பகுதிக்குச் சென்று வாழ்ந்தவர். தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என அவரைத் தமிழுலகம் போற்றுகின்றது. அவர் வகுத்த அமைப்பின்படி தமிழ்ப் பொறிகள் செருமனி நாட்டிற் செய்விக்கப்பெற்றன.

முத்தையா கண்ட வழியின் நுட்பம் யாதெனின், தாளை நகர்த்தாத விசை என்பதாகும். பொதுவாக ஒரு விசையைத் தட்டினால் எழுத்துப் பதிவதோடு தாளும் ஓரிடம் நகரும். புள்ளி, இகரக் குறி போன்றவற்றுக்குரிய விசைகளோ குறியைப் பதிக்கும், தாளை நகர்த்தா. ஆகவே, முதலிற் புள்ளியைத் தட்டிப் பின்பு ககரத்தைத் தட்டினால், இரண்டும் ஓரிடத்திலேயே பதிந்து ‘க்’ என நிற்கும். சில விசைகளைக் கொண்டே பல எழுத்துக்களை ஆக்கும் வழி இவ்வாறு பிறந்தது.

எனினும், இதில் ஒரு முரண் உண்டு. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் ஒலிக்கும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. தட்டச்சுப் பொறியிலோ ‘கி’ என்பதற்கு இகரக் குறி முன்னும், ககரம் பின்னும் தட்டப்பெறும். ‘கொ’ என்பதற்கு ஒற்றைக் கொம்பு, ககரம், கால் என்னும் முறையில் தட்ட வேண்டும். நாவின் வரிசை ஒன்று. விரலின் வரிசை வேறொன்று. இரும்பாலாகிய பொறிக்கு முன்பின் நினைவு இல்லை. அடித்தது அடித்தவாறே பதியும். ஆதலின், பொறிக்கேற்ப மனிதன் வளைய நேர்ந்தது.

கணினிக்கோ நினைவு உண்டு. முன்பு வந்த விசை யாது என்பதை அது மறவாது. இத்தன்மையைப் பயன்கொண்டு, 1999-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாக ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை அமைந்தது. அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டரசு அதனை ஏற்றது. அதில் உயிரெழுத்துக்கள் பன்னிரண்டும் இடக்கையின்பாலும், மெய்யெழுத்துக்கள் பெரும்பாலும் வலக்கையின்பாலும் வைக்கப்பெற்றன. உயிர்க்குறிகளுக்கெனத் தனி விசை இல்லை. உயிரெழுத்தின் விசை தனித்து வந்தால் உயிராகும். மெய்யை அடுத்து வந்தால் உயிர்க்குறியாகும். ஒரே விசை, வந்த இடத்தை நோக்கி இரு வேறு பயன் தருகின்றது.

சில எடுத்துக்காட்டுகளால் இதனைத் தெளிவோம். ‘அம்மா’ என்னும் சொல்லைத் தட்ட விரும்பினால் அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகளே போதும். ஒரே மெய் இரட்டித்து வந்தால் முன்னதன்மேல் புள்ளி தானே அமையும். ‘பந்து’ என்பதற்குப் ப, ந, த, உ என்பன போதும். மெல்லினத்தை அடுத்து அதற்கு இனமான வல்லினம் வந்தால், மெல்லினம் தானே புள்ளி பெறும். இலக்கணத்தில் நாம் கற்ற இனவெழுத்து என்னும் செய்தி இங்கே பொறியின் விதியாகிவிட்டது.

ஆயின், ‘மமதை’ என்று தட்ட வேண்டின் யாது செய்வது? ம, ம எனத் தட்டினால் ‘ம்ம’ என்றாகிவிடும். ஆகவே ம, அ, ம, த, ஐ எனத் தட்ட வேண்டும். இடையில் வந்த அகரம் தான் வெளிப்படாது, ‘முன்னெழுத்து இத்துடன் முடிந்தது, புள்ளி வேண்டா’ என்று பொறிக்கு அறிவித்து மறைந்துவிடும். திரையில் தோன்றாத விசையும் பொருளுடையதே என்பதற்கு இது சான்று.

இனி, இவ்வரிசை முறை மிகுதியும் ஆளப்பெறும் இடம் ஒன்றைக் காண்போம். கணினிகள் அறை நிறைக்கும் பேருருவினவாய் இருந்த காலத்தில், அவற்றோடு உரையாடுதற்குத் தொலைத்தட்டச்சுப் பொறிகள் பயன்பட்டன. பின்னர், திரையும் விசைப்பலகையும் மட்டுமே கொண்ட கருவிகள் வந்தன. இவற்றை முனையம் என்றும், டெர்மினல் என்றும் கூறுவர். டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் 1978-ஆம் ஆண்டு வெளியிட்ட வி.டி. 100 என்னும் முனையம் அவற்றுட் புகழ் மிக்கது. அக்கருவிகள் இன்று வழக்கொழிந்தன. ஆயினும், அவற்றைப் போலவே நடிக்கும் நிரல்கள் கணினிகளுள் இன்றும் வாழ்கின்றன. கூத்தில் வேடம் புனைந்தவன் அரசனைப் போலவே பேசுதல் போன்று, இந்நிரலும் பழைய முனையம் பேசிய மொழியையே பேசுகின்றது.

அம்மொழியின் நெடுங்கணக்கு 1963-ஆம் ஆண்டு முதன்முதல் வெளியிடப்பெற்ற ஆஸ்கி என்னும் எண்முறையாகும். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ என்பதற்கு எண் 65. சி என்பதற்கு 67. கண்ட்ரோல் என்னும் விசையை ஓர் எழுத்தோடு சேர்த்து அழுத்தினால், அவ்வெழுத்தின் எண்ணிலிருந்து 64 கழிக்கப்பெறும். ஆகவே, கண்ட்ரோலும் சியும் சேர்ந்தால் 3 என்னும் எண் செல்லும். ‘நடக்கும் பணியை நிறுத்துக’ என்பது அதன் பொருள். நகலெடுக்க எண்ணி இவ்விரு விசைகளையும் முனையத்தில் அழுத்துவோர், நெடுநேரம் ஓடிய பணி நின்றுபோகக் கண்டு திகைப்பர். வேறிடத்தில் நகலெடுக்கும் விசை இங்கே நிறுத்தும் விசை. இடமறியாது விசை தொடுதல் ஆகாது.

மேல்நோக்கிய அம்புக்குறி விசைக்கு ஆஸ்கியில் எண் இல்லை. அதற்கென மூன்று எண்களைத் தொடராக அனுப்பும் முறை வகுக்கப்பெற்றது. 27, 91, 65 என்பன அவை. கீழ்நோக்கிய அம்புக்குறிக்கு 27, 91, 66. இவற்றுள் 27 என்பது எஸ்கேப் என்னும் விசையின் எண். ‘அடுத்து வருவதை எழுத்தாகக் கொள்ளற்க, கட்டளையாகக் கொள்க’ என்பது அதன் குறிப்பு. ஊர்ப் பறையறைவோன் முதலிற் பறையை முழக்கிப் பின்பு செய்தி கூறுதல் போன்றது இது. பறை முழக்கமே செய்தியன்று. செய்தி வருகின்றது என்பதற்கு அடையாளம். இத்தொடரை அறியாத நிரலிடம் அம்புக்குறி விசையை அழுத்தினால், பொருளற்ற குறிகள் திரையில் சிதறிக் கிடக்கக் காணலாம்.

இங்கே நுண்ணியதோர் ஐயம் எழும். மாணவன் எஸ்கேப் விசையை மட்டும் அழுத்தினாலும் செல்வது 27 தானே? இது தனித்து வந்ததா, தொடரின் தலைப்பாக வந்ததா என்று பொறி எவ்வாறு அறியும்? எண்ணை மட்டும் நோக்கி அறிதல் இயலாது. ஆகவே, அது நொடியின் ஒரு சிறு பகுதி காத்திருக்கின்றது. அதற்குள் அடுத்த எண் வந்தால் தொடர் எனக் கொள்ளும். வாராவிடின் தனிவிசை எனத் துணியும். தொலைவிலுள்ள கணினியோடு மெதுவான இணைப்பில் பேசும்போது, தொடரின் பிற்பகுதி காலந்தாழ்த்து வந்து, பொருள் மாறுதலும் உண்டு. திரி அணைந்ததா, உள்ளே கனன்று செல்கின்றதா என்று அறியாத வெடியின் அருகில் உடனே செல்லாமல் பொறுத்திருக்கும் தொழிலாளியின் நிலையும் இதுவே. காத்திருக்கும் அளவு குறைந்தால் பிழை, மிகுந்தால் தாமதம். அளவறிதலே அறிவு.

தமிழ் இம்முனையத்திற் புகும்போது பொறுப்பு இன்னும் மிகுகின்றது. உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் வகுத்த ஒருங்குறி முறையில் ககரத்தின் எண் 2965. ஆயினும் முனையத்தின் வழியே அது 224, 174, 149 என மூன்று எண்களாகச் செல்லும். ‘கி’ என்பதற்கு ககரத்தின் மூன்றும், இகரக் குறியின் மூன்றும் ஆக ஆறு எண்கள் வேண்டும். ஓர் எழுத்துக்கு ஓர் எண் எனக் கருதி எழுதப்பெற்ற பழைய நிரலில், ‘கி’ என்பதை அழிக்கப் பேக்ஸ்பேஸ் விசையை ஒருமுறை அழுத்தினால், ஆறனுள் ஒன்று மட்டும் அழியும். எஞ்சிய ஐந்தும் சிதைந்து நிற்கும். உயிரையும் மெய்யையும் பிரித்தறிந்து நீக்கும் நிரலே தமிழுக்கு ஏற்றது. இதனை எழுதுவோர்க்குக் கணக்கறிவோடு தமிழிலக்கண அறிவும் வேண்டும்.

இனி, நம் மாணவியின் பெயருக்கு வருவோம். அவள் தன் பெயரின் முதலெழுத்தை ஔகார விசையால் தட்டினாள். அதன் எண் 2964. பட்டியலைத் தட்டியவரோ ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தார். அவற்றின் எண்கள் 2962, 2995. தாளில் ‘ஔ’ என்பதும் ‘ஒள’ என்பதும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. எண்ணை மட்டும் அறியும் கணினிக்கோ அவை முற்றிலும் வேறு வேறு பெயர்கள். கணினி பொய் கூறவில்லை. தட்டிய கை வரிசை தவறியது. நாங்கள் ஒகரமும் ளகரமுமாகத் தட்டித் தேடியவுடன், அவள் பெயர் கிடைத்தது. மாலைக்குள் சான்றிதழ்களை ஒப்படைத்தாள். பெயரைத் திருத்தித் தருமாறு விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தாள். அன்று உதவித்தொகை கிடைத்தது பெரிதன்று. ‘ஐயா, இனி நான் யார் பெயரைத் தட்டினாலும் எழுத்தெண்ணித் தட்டுவேன்’ என்று அவள் கூறியதே எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுட் பலர் அலுவலகங்களிலும், அச்சகங்களிலும், கணினிக் கூடங்களிலும் பணிபுரிவீர்கள். உங்கள் விரல் நுனியில் பிறர் பெயரும், நிலமும், ஊதியமும் எண்களாக ஓடும். ஔகாரம் வேண்டிய இடத்தில் இரண்டு எழுத்துக்களை இடுவது சிறு பிழை போலத் தோன்றும். ஆனால் ஓர் ஏழையின் பெயர் அதனால் மறைந்துபோகும். எழுத்தின் பிறப்பையும் வரிசையையும் நம் முன்னோர் ஆராய்ந்து வைத்தது தேர்வில் விடை எழுதுவதற்கு மட்டுமன்று. பிழையின்றி எழுதுதல் பிறர்க்குச் செய்யும் அறம் என்பதை உணர்ந்து, விசையறிந்து, வரிசையறிந்து எழுதப் பழகுவீர்களாக.

பயிற்சி

1. சரவெடிக்கும் விசைத்தொடருக்கும் உள்ள ஒப்புமை யாது?
2. தாளை நகர்த்தாத விசையின் பயனை விளக்குக.
3. ‘மமதை’ என்னும் சொல்லைத் தமிழ் 99 முறையில் தட்டும்போது இடையில் அகரம் வேண்டப்படுவது ஏன்?
4. எஸ்கேப் விசை தனித்து வந்ததை முனைய நிரல் எவ்வாறு அறிகின்றது?
5. பட்டியலில் இருந்த பெயரைக் கணினி காணாமைக்குக் காரணம் யாது?
6. சங்கு, பஞ்சு, வண்டு, கம்பு, கன்று ஆகிய சொற்களுக்குத் தமிழ் 99 முறையில் தட்ட வேண்டிய விசைகளை வரிசையாக எழுதுக.
7. ‘பிழையின்றி எழுதுதலும் ஓர் அறமே’ என்னும் பொருள்பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.