ஆறு சக்கரம் கேட்டு வந்த பிக்கப்

அன்புள்ள தம்பிக்கு,

தண்ணீர் வண்டிக்காரர் ஒருவர் தன் பிக்கப்புக்குப் பின்னால் டபுள் வீல் கேட்கிறார், லேத்தில் ஸ்பேசர் கடைந்து மாட்டினால் போதுமா என்று கேட்டிருந்தாய். மாட்டாதே என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் நீ மறுத்தால் அவர் அடுத்த பட்டறைக்குப் போவார். அவரிடம் எடுத்துச் சொல்ல உனக்குக் காரணம் வேண்டும். உன் வயதில் பட்டறை திறந்திருக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகை வழியாக எழுதுகிறேன்.

அவர் கேட்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிக்கப் டயர் ஒன்றைப் புரட்டி ஓரத்தைத் துடைத்துப் பார். 195 ஆர் 15 அளவில் 106/104 என்று போட்டிருந்தால், ஒற்றையாக ஓடும்போது 950 கிலோவும் ஜோடியாக ஓடும்போது 900 கிலோவும் அந்த டயர் தாங்கும் என்று பொருள். பின்னால் ரெண்டு டயர் என்றால் 1,900 கிலோ, நாலு என்றால் 3,600. மாதம் ஒரு டயர் வெடிக்கிற ஆளுக்கு இந்தக் கணக்கு இனிக்கத்தான் செய்யும்.

ஆனால் டயருக்கு மேலே வீல் போல்ட், ஹப், பேரிங், ஆக்சில், கமான் பட்டை, சேஸிஸ் எல்லாம் பழையபடிதானே இருக்கின்றன? வண்டியை நிறுத்த வேண்டிய பிரேக்கும் அதேதான். 1986-இல் வந்த டாடா 407 போன்ற வண்டியில் பின்னால் நாலு டயர் இருக்கிறது என்றால், அதற்குத் தகுந்த ஆக்சில், அதற்குத் தகுந்த பட்டை என்று அடியிலிருந்து கட்டியிருப்பார்கள்.

ஸ்பேசர் விஷயம் இதைவிட மோசம். டபுள் வீலுக்கென்றே வரும் டிஸ்க் ஆழமான கிண்ணம் போலிருக்கும். ரெண்டின் முதுகையும் ஒட்டி மாட்டும்போது ஜோடியின் நடு, பேரிங்குக்குக் கிட்டத்தட்ட நேராக வந்து நிற்கும். நம் பிக்கப் டிஸ்க் அப்படி இல்லை. உள் டயர் பழைய இடத்திலேயே இருக்க, வெளி டயர் ஒரு சாணுக்கு மேல் தள்ளிப் போகும். ரோட்டோர மேட்டில் ஏறினால் உள் டயர் அந்தரத்தில் நிற்கும். அந்தப் பக்கத்துப் பாரம் மொத்தமும் வெளி டயரில் இறங்கி, கடப்பாரை போட்டு நெம்புவதுபோல ஆக்சிலை நெம்பும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பட்டறை வைத்த புதிதில் பலாப்பழ லோடு அடிக்கும் ஒருவருக்கு இதே வேலையைச் செய்துகொடுத்தேன். மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் கொல்லிமலை இறக்கத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், ரெண்டு வீலும் ஜோடியாகக் கழன்று வண்டிக்கு முன்னால் உருண்டு போயின. டிரைவர் மலைப்பக்கமாக ஒடித்ததால் பிழைத்தார். முறிந்த ஷாஃப்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் கிளிஞ்சல் முதுகு மாதிரி வழவழப்பான வரிகள், மங்கிய நிறம். மீதி இடம் உடைத்த கற்கண்டு போலப் பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்புதான் அன்றைக்கு முறிந்தது. வரிவரியாக இருந்த பகுதி பல வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அத்தனை நாளும் ஒரு சத்தம் இல்லை. டயராவது சூடேறும், வீங்கும், பஞ்சர் கடைக்காரர் கண்ணில் படும். நான் செய்த வேலை, உடைகிற இடத்தைக் கண்ணுக்குத் தெரியாத பக்கம் தள்ளிவிட்டது.

அமெரிக்காவிலும் 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் சின்ன டொயோட்டா பிக்கப் மேல் வீடு கட்டி விற்றவர்களில் சிலர் லேசான ஆக்சிலிலேயே ஜோடி டயரை மாட்டினார்கள். ஆக்சில்கள் முறிந்தன. பின்னால் வந்த வண்டிகளுக்கு ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த வகையில் பாரத்தை ஹவுசிங் தாங்கும், ஷாஃப்ட் சுழற்றுகிற வேலையை மட்டும் பார்க்கும். ஹப் நடுவில் போல்ட் வட்டம் இருக்கிறதா பார். வீலைக் கழற்றாமலே ஷாஃப்டை உருவ முடிந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங். முடியாவிட்டால் வண்டிப் பாரம் ஷாஃப்டின் முனையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆறு சக்கர வண்டியின் ஹவுசிங்கையே மொத்தமாகத் தூக்கி வைக்கலாமே என்று அவர் அடுத்து கேட்பார். கிரவுன் விகிதம், பிரேக், பட்டை என்று ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும். அந்தப் பணத்துக்குப் பழைய ஆறு சக்கர வண்டி ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிடலாம்.

சட்டத்தையும் சொல்லிவை. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எத்தனை டயர் மாட்டினாலும் ஆர்.சி.யில் எடை ஒரு கிலோ கூடாது. ஓவர்லோடு பிடித்தால் 20,000 ரூபாயும், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் குனிந்து பார்ப்பது உன் ஸ்பேசரைத்தான்.

டேங்க் 2,500 லிட்டர் என்று எழுதியிருக்கிறாய். தண்ணீர் மட்டுமே ரெண்டரை டன். இந்தக் கூட்டல் போதும், டயர் ஏன் வெடிக்கிறது என்று தெரிந்துகொள்ள. ஆர்.சி. அனுமதிக்கிற அளவுக்குச் சின்ன டேங்க் வைக்கச் சொல், உள்ளே தடுப்புத் தகடு இருக்கட்டும். டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்திருக்கும்போதே பார்க்கச் சொல்.

அதற்கு முன்னால் வண்டியை லோடோடு எடை மேடைக்கு அழைத்துப் போ. முழு வண்டிக்கு ஒரு சீட்டு, பின் வீல் மட்டும் மேடையில் நிற்க இன்னொரு சீட்டு. ரெண்டையும் எனக்கு அனுப்பு. கால் டேங்க் தண்ணீரோடு வந்து நிற்பார், ஏறி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு எடை போடு.