மத்திக்குக் கடல் போடும் தீனி: பண்ணைக் குட்டையிலும் விளைவிக்கலாம்

ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து முருங்கையும் தக்காளியும் மிளகாயும் லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகின்றன. அந்தக் கேரளத்து மக்கள் அன்றாடம் விரும்பி உண்ணும் மீன் மத்தி. சாளை என்றும் இதைச் சொல்வர். கடலில் இதற்கு யாரும் தவிடு தூவுவதில்லை. பிண்ணாக்கு ஊறவைத்துப் போடுவதுமில்லை. ஆயினும் 2012-ஆம் ஆண்டில் கேரளக் கரையில் மட்டும் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. அத்தனை மீனுக்கும் தீனி எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், பண்ணைக் குட்டையில் மீன் விடும் விவசாயி தீவனச் செலவைப் பெருமளவு குறைத்துக் கொள்ளலாம்.

கடலில் விளையும் பயிர்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, கேரளக் கரையோரம் மேல்மட்ட நீர் விலகிச் செல்கிறது. அதை ஈடுசெய்ய அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்த நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்திருக்கும். சத்தும் வெயிலும் ஒன்று சேர்ந்ததும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. பிளாங்டன் எனப்படும் மிதவை உயிர்களில் இவை தாவர வகை. இவற்றை மேய்ந்து வளரும் சிறு பூச்சி போன்றவை விலங்கு வகை. வயலில் புல்லும் அதை மேயும் ஆடும் போல என்று வைத்துக் கொள்ளலாம். மத்தி இரண்டையும் தின்னும்.

மத்திக்கும் இந்தப் பாசிக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டதல்ல. 1920-களிலேயே சென்னை மாகாண மீன்துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்னெலும் நாயுடுவும் மத்தியின் வாழ்க்கையையும் மலபார் கடலின் மிதவை உயிர்களையும் சேர்த்தே ஆராய்ந்து எழுதினர். 1955-இல் நாயர், சுப்ரமணியன் ஆகிய இரு விஞ்ஞானிகள், பிரஜிலேரியா ஓசியானிக்கா என்ற ஒருவகைப் பாசி கடலில் மிகுந்திருப்பது மத்தி மிகுந்து வருவதற்கு அடையாளம் என்று எடுத்துக்காட்டினர். மேகத்தைப் பார்த்து மழையைச் சொல்வது போன்றதுதான் இது.

வாய்க்குள் ஒரு சல்லடை

மத்தியின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால், சிவந்த செவுளுக்கு உட்புறம் சீப்புப் பல் போல நெருக்கமாக அமைந்த மெல்லிய முட்களைக் காணலாம். மீன் வாயைத் திறந்துகொண்டு நீந்தும்போது நீர் உள்ளே புகுந்து செவுள் வழியாக வெளியேறுகிறது. மிதவை உயிர்கள் உள்ளே தங்கிவிடுகின்றன. சல்லடையில் மாவு சலிக்கும்போது கண்கள் அடைத்துக் கொள்வது எல்லாருக்கும் தெரியும். மீனின் சல்லடை ஏன் அடைத்துக் கொள்வதில்லை? மத்திக்கு உறவான ஓர் அமெரிக்க மீனிலும் திலேப்பியா வகை மீன் ஒன்றிலும் செய்த ஆய்வு 2001-இல் இதை விளக்கியது. நீர் சல்லடைக்கு நேர்குத்தாகப் பாயாமல் அதை ஒட்டியே ஓடுகிறது. ஓரத்தில் நீர் வடிய, இரை சல்லடையில் ஒட்டாமல் தொண்டையை நோக்கிப் போய்ச் சேர்கிறது.

கடலில் இந்தத் தீனி எல்லா இடத்திலும் சமமாக இருப்பதில்லை. திட்டுத் திட்டாகக் கிடக்கும். பல மீன்கள் சேர்ந்து தேடினால் திட்டு விரைவில் அகப்படும். வஞ்சிரம், சூரை போன்ற பெரிய மீன்கள் துரத்தினாலும் கூட்டத்தில் தனி மீன் தப்பிக்க வழியுண்டு. ஆனால் முன்வரிசை மீனுக்குக் கிடைக்கும் அளவு பின்வரிசை மீனுக்குக் கிடைப்பதில்லை. பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவர் நிலைதான்.

தீனி குறைந்தால் என்ன ஆகும் என்பதையும் மத்தியே காட்டியது. 2021-இல் கேரளத்தில் பிடிபட்ட மத்தி 3,500 டன்னுக்கும் குறைவு. கடல் வெப்ப மாற்றம், அதனால் நேர்ந்த உணவுக் குறைவு, குஞ்சு மீன்களை வாரிப் பிடித்தது ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னார்கள். பின்வந்த ஆண்டுகளில் வரத்து மீண்டது.

குட்டையில் சல்லடை வாய் மீன்கள்

மத்தியைக் குட்டையில் வளர்க்க முடியாது. ஆனால் அதே வேலையைச் செய்யும் நன்னீர் மீன்கள் உண்டு. கட்லாவின் வாய் மேல்நோக்கி அமைந்தது. அது மேல்மட்டத்தில் மேய்ந்து விலங்கு மிதவைகளை முக்கியமாகத் தின்னும். வெள்ளிக்கெண்டையின் செவுள் முட்கள் ஒன்றோடொன்று இணைந்து பஞ்சு போலிருப்பதால் மிக நுண்ணிய பாசியையும் வடித்துவிடும். இவ்விரண்டையும் ஒரே குட்டையில் தாராளமாக விடுவோர் உண்டு. வெள்ளிக்கெண்டை போட்டிக்கு வந்தால் கட்லா வளர்ச்சி குன்றும். சந்தையில் கட்லாவுக்கே நல்ல விலை என்பதால், சிறு குட்டையில் வெள்ளிக்கெண்டையைத் தவிர்ப்பதே நல்லது.

ஐந்து அடி நீர் நிற்கும் 10 சென்ட் குட்டைக்கு 3 முதல் 4 அங்குலக் குஞ்சுகள் 400 போதும். கட்லா 120, ரோகு 100, மிர்கால் 80, சாதாக்கெண்டை 60, புல்கெண்டை 40 என்று விடலாம். விற்காமல் கழிந்த முட்டைக்கோஸ் இலையைப் புல்கெண்டைக்குப் போடலாம். மருந்து அடித்த இலையை மட்டும் போடக்கூடாது.

கடலுக்கு அடிநீர் செய்யும் வேலையைக் குட்டையில் சாணம் செய்கிறது. முதலில் 10 கிலோ சுண்ணாம்பைத் தூவி நீர் நிரப்ப வேண்டும். ஒரு வாரம் கழித்து 80 கிலோ பச்சைச் சாணத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் போடக்கூடாது. மேலும் ஒரு வாரம் முதல் பத்து நாளில் நீர் இளம்பச்சையாகவோ பழுப்பாகவோ மாறும். அதன் பிறகே குஞ்சு விட வேண்டும். தெளிந்த கிணற்று நீரில் அவசரப்பட்டுக் குஞ்சு விட்டால் அவை பட்டினி கிடக்கும். பின்னர் மாதம் ஒருமுறை 30 கிலோ சாணம் போதும். தார்ப்பாய் விரித்த குட்டைக்கு மண்ணிலிருந்து சத்து வராது என்பதால் சாணம் இன்னும் அவசியம்.

கையே அளவுகோல்

தீனி போதுமா என்பதைக் கையாலேயே அறியலாம். வெயில் நேரத்தில் உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து, கையை நேராக நீரில் இறக்க வேண்டும். முழங்கை முங்கும்போது உள்ளங்கை மறைந்தால் தீனி சரியாக இருக்கிறது. தோள்பட்டை வரை இறக்கியும் கை தெரிந்தால் சாணம் போட வேண்டும். மணிக்கட்டு முங்கும்போதே மறைந்தால் மிகுதி. சாணத்தை நிறுத்திவிட வேண்டும். ஒட்டன்சத்திரம் பக்கத்துச் செம்மண் நிலத்தில் ஒரு மயக்கம் வரும். மழைக்குப் பின் மண் கலங்கலும் கையை மறைக்கும். கண்ணாடிப் பாட்டிலில் நீரெடுத்து அசையாமல் வைத்தால் மண் அடியில் படியும். மிதவை உயிர் படியாது.

நீர் மிகப் பச்சையானால் ஆபத்து இரவில்தான். பகலில் பிராணவாயு தரும் பாசி, இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறினால், மோட்டாரை ஓட்டிக் கிணற்று நீரை உயரத்திலிருந்து சிதறி விழச் செய்ய வேண்டும். மூட்டமான நாட்களில் சாணமோ தீவனமோ போடக்கூடாது. இதைக் கவனிக்காமல் ஓராண்டு வளர்த்த மீனை ஒரே இரவில் இழந்தோர் உண்டு.

தெளிப்பானைக் குட்டையில் கழுவும் பழக்கம் இதைவிடக் கேடு. பூச்சிமருந்தில் முதலில் சாவது விலங்கு மிதவைகளே. மீன் சாகவில்லை என்று இருந்துவிடலாம். ஆனால் கட்லாவின் சாப்பாடு அன்றோடு போய்விடும்.

இந்தக் குட்டை நீரையே சொட்டுநீர்ப் பாசனத்துக்கு எடுப்பவர்கள் மணல் வடிகட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மீனுக்குத் தீனியாகும் பாசி சொட்டுவானை அடைத்துவிடும். வடிகட்டியைப் பின்னோக்கி நீர்விட்டுக் கழுவும்போது வெளிவரும் பச்சை நீரைப் பாத்திக்கே விடலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் மலபாரில் எண்ணெய் எடுத்த மத்திச் சக்கை உரமாகிக் காப்பித் தோட்டங்களுக்குப் போனது. இந்தப் பச்சை நீரிலும் அதே பாசிச் சத்துத்தான் இருக்கிறது.