சுண்ணாம்புச் சத்தும் எலும்பின் உறுதியும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பது முன்னோர் மொழி. உடலுழைப்பால் வாழ்வோருக்கு அச்சுவர் எலும்பே ஆகும். மழை நனைத்த மேட்டுச் சரிவில் ஏறி இறங்கிப் பால்மரம் வெட்டும் ஒருவர் கால் இடறி விழுந்தால், உறுதியான எலும்பு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மெலிந்த எலும்போ எளிதில் முறிந்துவிடும். முறிந்த எலும்பு கூடுவதற்கு வாரங்கள் பல ஆகும். அதுவரை வெட்டுக்கத்தி சும்மா கிடக்கும். வீட்டு வருவாயும் குறையும். ஆதலின், எலும்புக்கு உரம் தரும் சுண்ணாம்புச் சத்தைப் பற்றி ஒவ்வொரு தோட்டக் குடும்பமும் அறிந்திருத்தல் நலம். இதனையே மருத்துவர்கள் கால்சியம் என்பர்.

உடலில் அதன் பணி

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 1 கிலோகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அதில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் தங்கியிருக்கிறது. எஞ்சிய ஒரு பங்கு இரத்தத்திலும் தசைகளிலும் கலந்துள்ளது. அளவில் அது சிறிதாயினும் அதன் பணி பெரிது. இதயம் துடிப்பதற்கும், தசைகள் இயங்குவதற்கும், நரம்புகள் செய்தி கடத்துவதற்கும், வெட்டுக்காயத்தில் இரத்தம் உறைவதற்கும் அது இன்றியமையாதது.

ஆகவே, இரத்தத்தில் இச்சத்தின் அளவு குறைவதற்கு உடல் எளிதில் இடங்கொடுப்பதில்லை. உணவின் வழியே போதிய அளவு கிடைக்காவிடில், எலும்பிலிருந்து அதனை எடுத்துக்கொள்கிறது. சேமிப்பில் பணம் போடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் என்ன நேருமோ, அதுவே எலும்புக்கும் நேர்கிறது. இந்தத் தேய்வு நடைபெறும்போது வலி தோன்றுவதில்லை. பலருக்கு எலும்பு முறிந்த பின்னரே உண்மை தெரியவருகிறது.

எலும்பில் சேமிக்கும் காலம் இளமைக்காலமே. ஏறத்தாழ 30 வயதுக்குள் எலும்பு தன் முழு வலிமையை அடைந்துவிடுகிறது. அதன் பின்னர், சேர்த்ததைக் காப்பதே நம் கடமை. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றதும் எலும்பின் தேய்வு விரைவடைகிறது. முதிய தாய்மார்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்வதற்கு இதுவே பெருங்காரணம்.

நாள்தோறும் எவ்வளவு தேவை?

மலேசியாவில் 2017-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட சத்துணவுப் பரிந்துரையின்படி, 10 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராமும், 19 முதல் 50 வயது வரையுள்ளோருக்கு 1,000 மில்லிகிராமும், 50 வயதைக் கடந்த பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் தேவை. பெற்றோரைவிட வளரும் பிள்ளைக்கே இச்சத்து மிகுதியாக வேண்டும் என்பதைத் தாய்மார்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

இரண்டு தவறான எண்ணங்கள்

“நாங்கள்தாம் நாளும் பால் கலந்த தேநீர் பருகுகிறோமே” என்று சிலர் கூறுவர். லயத்துக்குப் பின்னால் மாடு கட்டி, பால் கறந்து, மோர் கடைந்து உண்ட காலம் ஒன்று இருந்தது. பின்னர் அந்த இடத்தை டின் பால் பிடித்துக்கொண்டது. இன்று கடைகளில் விற்கப்படும் டின்கள் பலவற்றில் ‘கிரிமர்’ என்றே அச்சிடப்பட்டிருக்கும். அதில் மிகுந்திருப்பவை சீனியும் செம்பனை எண்ணெயுமே. தேநீரில் ஊற்றும் இரண்டொரு கரண்டியால் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்து மிகச் சொற்பம். சேரும் சீனியோ அதிகம். இதனைக் கரைத்துக் குழந்தைக்குப் பாலாகக் கொடுத்தல் பெருந்தவறு. குழந்தைக்குத் தாய்ப்பாலே முதன்மையானது.

“வெற்றிலையோடு சுண்ணாம்பு சேர்கிறதே, அது போதாதா?” என்பது மற்றோர் எண்ணம். பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மெல்லும் வெற்றிலை, புகையிலை கலவாதபோதும் வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நூல் உறுதிப்படுத்தியது. எலும்பைக் காப்பதாக எண்ணி வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டா.

கைக்கு எட்டும் உணவுகள்

பசும்பால் 250 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. பால் பருகினால் வயிறு உப்புவோருக்குத் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். 100 கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 350 மில்லிகிராமும், அதே அளவு முருங்கைக் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேலும் உள்ளன. வேலியோரத்தில் ஒரு முருங்கைக் கொம்பை நட்டு வைத்தால், அக்கீரை காசின்றிக் கிடைக்கும். கடுகுக்கீரையான சாவியிலும் கைலானிலும் உள்ள சத்தை உடல் எளிதில் ஏற்றுக்கொள்கிறது. முளைக்கீரை வகைகளில் ஆக்சாலிக் அமிலம் மிகுந்திருப்பதால், அவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து முழுமையாகப் பயன்படுவதில்லை. ஆயினும் வேறு சத்துகளுக்காக அவற்றையும் உண்ணலாம்.

நெத்திலியை முள்ளோடு உண்ணல் வேண்டும். சத்து அம்முள்ளில்தான் இருக்கிறது. உப்பு மிகுந்தால் சுண்ணாம்புச் சத்து சிறுநீரில் வெளியேறும். ஆதலால், காய்ந்த நெத்திலியை நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமைத்திடுக. கால்சியம் உப்பிட்டு உறைய வைத்த தௌஹூவும் நல்லுணவே.

இனி ஒரு நாள் கணக்கைப் பார்ப்போம். காலையில் 50 கிராம் கேழ்வரகு மாவில் காய்ச்சிய கூழ் 175. நண்பகலில் 50 கிராம் முருங்கைக் கீரைப் பொரியல் 150. சிறு கிண்ணம் தயிர் 125. இரவில் ஒரு குவளைப் பால் 300. ஆக மொத்தம் 750 மில்லிகிராம். எஞ்சியதை நெத்திலி, தௌஹூ, பருப்பு, காய்கறி ஆகியவை ஈடுசெய்யும்.

வெயிலும் பழக்கமும்

உண்ட சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் ‘டி’ தேவை. வெயில் பட்டால் நம் தோல் அதனை உண்டாக்கும். வெயில் மிகுந்த நாட்டில் வாழ்வதால் நமக்கு அக்குறை வாராது என்று எண்ண வேண்டா. பால்மரம் வெட்டுவோர் முழுக்கைச் சட்டை அணிந்து, விடியலில், மரநிழலில் வேலை செய்கின்றனர். முதியோர் பலர் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றனர். ஆதலால், கைகால்களில் வெயில் படும்படி நாள்தோறும் சிறிது நேரம் வெளியில் நடத்தல் நன்று. நடையும் உழைப்பும் எலும்பை வலுப்படுத்தும். புகைப்பழக்கமும் மிகுதியான மதுவும் அதனை அரிக்கும்.

மாத்திரை வேண்டுமா?

மூட்டுவலி யாவும் சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வருவன அல்ல. எனவே, பிறர் சொல் கேட்டு மாத்திரை வாங்கி உண்ணல் கூடாது. அளவு மீறின் சிறுநீரகக் கல் தோன்றவும் கூடும். கருவுற்ற தாய்மார்கள் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் பெறும் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கினால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். இரண்டையும் வெவ்வேறு வேளைகளில் உண்க.

பிள்ளைகளின் கல்விக்கும் திருமணத்திற்கும் சிறுகச் சிறுகச் சேமிக்கும் பெற்றோர், அவர்களின் எலும்பிலும் அவ்வாறே சேமித்து வைத்தல் வேண்டும். அதற்கு இளமைக்காலம் ஒன்றே உண்டு. இன்று பிள்ளையின் தட்டில் இடும் கீரையும் தயிரும், ஐம்பதாண்டு கழிந்தும் அவரைத் தாங்கி நிற்கும்.