ஏசி ஓடுது, அறை குளிரலையா? காரைக்கால் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஏசி குளிரவில்லை என்றதும் "கேஸ் போயிருக்கும்" என்று சொல்லிவிடுவது நம் பக்கத்து வழக்கம். உண்மையில் கேஸ் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய விஷயம். காரைக்காலுக்குக் கிழக்கே கடல், ஊருக்குள் அரசலாறு, மேற்கே வயல். இந்தக் காற்றில் உப்பும் ஈரமும் ஓய்வதே இல்லை. இங்கே ஏசிக்கு வரும் கோளாறுகள் பலவும் இந்த இரண்டையும் தொட்டே வருகின்றன. மெக்கானிக்குக்கு போன் போடும் முன் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

1. முதலில் ரிமோட். நட்சத்திரம் போன்ற பனிப்படிகக் குறி தெரிந்தால்தான் கூல் மோட். குழந்தைகள் கை பட்டு ஃபேன் மோடுக்கு மாறியிருந்தால் காற்று மட்டும் வரும். 2020 ஜனவரி முதல் ஸ்டார் முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியை இயல்பு அளவாகக் கொண்டே வருகின்றன. அதை 16க்கு இறக்கினால் சீக்கிரம் குளிரும் என்பது தவறான நம்பிக்கை. இன்வெர்ட்டர் அல்லாத சாதாரண ஏசியில் 24 வைத்தாலும் 16 வைத்தாலும் கம்ப்ரெஸர் ஒரே வேகத்தில்தான் ஓடும்.

2. ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மறுபக்கம் தெரியாவிட்டால் கோளாறு அங்கேயே இருக்கிறது. குழாய் நீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இது அவசியம்.

3. வெளியே வரும் வடிகுழாயைக் கவனியுங்கள். நம் ஊருக்கென்றே அமைந்த நல்ல சோதனை இது. காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது, கூல் மோடில் அரை மணி நேரம் ஓடிய ஏசியின் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியே ஆக வேண்டும். சொட்டினால் உள்ளே இருக்கும் காயில் (coil) குளிர்கிறது, கோளாறு வேறெங்கோ என்று பொருள். வெளியே சொட்டாமல் அறைச் சுவரில் வழிந்தால் குழாய் அடைத்திருக்கிறது. பாசி படிந்திருக்கலாம், குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்றால் காயில் குளிரவே இல்லை. அப்போது அடுத்த குறிப்பு.

4. அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் இரண்டு செம்புக் குழாய்கள் வந்து சேரும். இருபது நிமிடம் ஓடியபின் அந்த இணைப்புகளைப் பாருங்கள். தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருந்தால் நல்லது. மெல்லிய குழாயில் மட்டும் வெண்பனி படிந்து, தடித்தது காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்புண்டு. உள் காயில் முழுவதும் பனிக்கட்டி பிடித்திருந்தால் காற்று போதவில்லை என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஃபேன் மோடில் ஓரிரண்டு மணி நேரம் ஓடவிட்டு, பனி கரைந்ததும் ஃபில்டரைச் சுத்தம் செய்து மறுபடி போட்டுப் பாருங்கள். பனியைக் கத்தியால் சுரண்டவே கூடாது.

5. அவுட்டோர் யூனிட்டைக் கழுவுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். அதன் முதுகில் நெருக்கமாக அடுக்கிய அலுமினியத் தகடுகள் வழியாகத்தான் அறையின் வெப்பம் வெளியேற வேண்டும். கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற கடலோரத் தெருக்களில் அந்தத் தகடுகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விரலால் தேய்த்தால் தகடே பொடியாக உதிரும். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் வேகமாக அரிக்கப்படும். திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் உப்பு குறைவு. ஆனால் தை, மாசி அறுவடையில் பறக்கும் பதரும் தூசியும் தகடுகளை அடைத்துவிடும்.

கழுவும் முறை இதுதான். எம்.சி.பி.யை இறக்குங்கள். தோட்டத்துக் குழாயால், மிதமான வேகத்தில், தகடுகள் நிற்கும் திசையிலேயே மேலிருந்து கீழாக நீர் விடுங்கள். வயர் இணைப்புப் பெட்டி உள்ள பக்கம் நீர் படக் கூடாது. வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கி, காற்று போகும் வழியே அடைபடும். தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். கடலோரத்தில் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் கழுவுவது உப்பின் மேல் உப்பைப் பூசுவதுதான். மாதம் ஒரு கழுவல் போதும். ஆசிட் ஊற்றிப் பளபளப்பாக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள்.

6. யூனிட் இருக்கும் இடத்தையும் பாருங்கள். கிழக்குச் சுவரில் கடற்காற்று நேராக அறையும், மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் காயும். புதிதாக மாட்டுபவர்கள் வடக்குச் சுவரைக் கேளுங்கள். வெயிலுக்கென்று யூனிட்டின் மேல் சாக்கு, தார்ப்பாய் போர்த்துவதை இன்றே நிறுத்துங்கள். வெளியேறும் சூடு திரும்ப உள்ளேயே போகும். மேலே ஓரடி விட்டு ஒரு தகரக் கூரை போதும்.

7. ஏசி சரியாக இருந்தும் புழுக்கம் போகவில்லையா? 1902இல் வில்லிஸ் கேரியர் நவீன ஏசியை வடிவமைத்தது மனிதர்களுக்காக அல்ல. நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக் காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் விலகின. அதைத் தடுக்கத்தான். காற்றின் ஈரத்தை இழுப்பது அன்று தொட்டே ஏசியின் பாதி வேலை. நம் ஊரில் அந்தப் பாதிதான் பெரும்பாடு. ஈரத் துணியை ஏசி அறையில் காயப்போடாதீர்கள். குளியலறைக் கதவைச் சாத்துங்கள். மழை நாளில் ட்ரை மோட் நன்றாக உதவும். 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் இங்கே பலருக்கும் போதுமானதாக இருக்கும்.

8. பழைய மரைக்காயர் வீடுகளில் முற்றம் வைத்து, உயரக் கூரை போட்டுக் கட்டியது காற்று தானாக ஓடட்டும் என்றுதான். அங்கே ஓர் அறையில் ஏசி மாட்டிவிட்டு, 120 சதுர அடிக்கு ஒரு டன் என்ற கடைக்காரர் கணக்கை நம்பினால் ஏமாற்றமே. அந்தக் கணக்கு பத்தடி உயர அறைக்கு. பதினான்கடி உயரம் என்றால் குளிர்விக்க வேண்டிய காற்றே கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. கூரைக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் போடுவதும், கதவிடுக்குகளை அடைப்பதும் பெரிய ஏசி வாங்குவதைவிட மலிவாக முடியலாம்.

9. இரவில் மட்டும் குளிரவில்லை என்றால் ஸ்டெபிலைசரில் வோல்டேஜைப் படியுங்கள். வர வேண்டியது 230. 180ஐ ஒட்டி இறங்கினால் பழைய வகை கம்ப்ரெஸர் 'ம்ம்ம்' என்று உறுமிவிட்டு அணைந்துவிடும். தெரு முழுக்க அப்படியென்றால் புதுச்சேரி மின்துறையின் உள்ளூர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் உறுமினால் கெபாசிட்டர் போயிருக்கலாம். மாற்றச் செலவு அதிகமில்லை, ஆனால் நீங்களே கை வைக்காதீர்கள். கரண்ட்டை அணைத்த பிறகும் கெபாசிட்டருக்குள் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

10. இப்போது கேஸ். பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற பொருளல்ல அது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ ஓட்டை. வருடா வருடம் கோடையில் கேஸ் நிரப்பிக்கொண்டே இருக்கும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். அந்தப் பணத்தில் ஓட்டையை அடைத்திருக்கலாம்.

"கேஸ் கம்மியா இருக்கும்மா, டாப் அப் பண்ணிடலாம்" என்று மெக்கானிக் சொன்னால், "லீக் எங்கேன்னு முதல்ல காட்டுங்க தம்பி" என்று கேளுங்கள். குழாய் நட்டுகளைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அது முதல் தடயம். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். பிறகு வேக்கம் பம்ப் போட்டுக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். நம் ஊர் ஈரத்தில் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. கடைசியாக, யூனிட்டின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் வகை கேஸை, எழுதியிருக்கும் கிராம் கணக்கில், தராசில் வைத்து ஏற்ற வேண்டும். ஆர்-32, ஆர்-290 இரண்டும் தீப்பற்றக் கூடியவை. கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் பற்றவைப்பு வேலை கூடாது.

11. புது ஏசி வாங்குபவர்கள் செம்புக் காயில், தகடுகளுக்கு அரிப்பைத் தாங்கும் பூச்சு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். தாங்கும் ஸ்டாண்டுக்குக் கால்வனைஸ் செய்த இரும்பே வேண்டும். பெயின்ட் மட்டும் அடித்த ஸ்டாண்ட் கடலோரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததை இந்தக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன்பே ஸ்டாண்டின் போல்ட்டுகளை ஒருமுறை முடுக்கச் சொல்லிவிடுங்கள்.