கிண்ணம் திரும்பாத லக்சா கடை

பாலிக் புலாவ் சந்தைப் பக்கம் லக்சா சாப்பிட்டிருக்கிறீர்களா, மாணவர்களே? டுரியான் பருவத்தில் கூட்டம் தாங்காது. அங்கே ஒரு கடையில் பத்துக் கிண்ணங்கள்தான் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சாப்பிட்டதும் கிண்ணத்தைக் கழுவி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். ஆளுக்கொரு புதுக் கிண்ணம் வாங்கக் கடைக்காரர் ஓடினால் வியாபாரம் என்னாவது?

சர்வரிலும் இதே கதைதான். இணையத்தில் தேர்வு முடிவைத் தேடும்போது, சர்வரில் ஓடும் நிரல் தரவுத்தளத்தோடு ஓர் இணைப்பைப் பெற வேண்டும். புது இணைப்பென்றால் இரு பக்கமும் முதலில் மூன்று செய்திகளைப் பரிமாற வேண்டும். பிறகு கடவுச்சொல் சரிபார்ப்பு. 'போஸ்ட்கிரெஸ்' தரவுத்தளமோ ஒவ்வோர் இணைப்புக்கும் நினைவகத்தில் தனியொரு வேலையையே தொடங்கும். ஆகவே சில இணைப்புகளை முன்கூட்டியே திறந்து, தொகுப்பாக வைத்து, இரவல் தருகிறார்கள். ஜாவா நிரலாளர்களின் 'ஹிகாரி' தொகுப்பில், நாம் மாற்றாதவரை, 10 இணைப்புகள்.

இரவலைத் திருப்பித் தராவிட்டால்? நிரலில் நடுவே பிழை நேர்ந்தால், திருப்பித் தரும் வரிக்கு வராமலே அது வெளியேறிவிடலாம். பத்து முறை இப்படி நடந்தால் தொகுப்பு காலி. பதினோராவது ஆள் 30 விநாடி காத்திருந்து வெறுங்கையோடு திரும்புவார். சர்வரோ அப்போது வேலையின்றிச் சும்மா இருக்கும்! இதற்குப் பெரிய கணினி வாங்குவது வீண் செலவு.

2011-இல் வெளிவந்த ஜாவா 7 ஒரு வழி தந்தது. 'ட்ரை' என்ற சொல்லை அடுத்த அடைப்புக்குறிக்குள் இணைப்பைப் பெற்றால், பிழை வந்தாலும் வராவிட்டாலும் வேலை முடிந்ததும் அது தானாகத் தொகுப்புக்குத் திரும்பிவிடும்.